திடீர் நடனமும் இவருடைய ஒரு நிமிடமும்

5 ஓகஸ்ட், செவ்வாய்

காலையில் மண்டபத்துக்காரி ஃபோனில் கோல் எடுத்தாள். தேன் சொட்டும் குரல். இந்த மாதக் கடைசிக்குள் பாதிக் கதிரைகளுக்காவது ரிக்கெட் விற்காவிட்டால் செப்டெம்பர் இருபதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். அந்த வேறொருவர் மேடையில் ஆட்களை மயக்கித் தூங்கவைக்கிற வித்தைக்காரராம். ‘மண்டபம் மாறிய மாப்பிள்ளை’ என்ற என் பாட்டு நாடகத்தைப் பார்க்க ஆள் இல்லை, ஆட்கள் நித்திரை கொள்வதைப் பார்க்கச் சிட்னியில் கூட்டம் இருக்கிறது. கடைசியில் ‘நோ வொறீஸ்’ என்று வேறு சொன்னாள்.

எங்கள் சனம் ரிக்கெட்டை வாசலில்தான் வாங்கும். “உங்கட மியூசிக்கலுக்கு வராமல் விடுவமே யோகா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒருவரும் வாங்கவில்லை. இதை அந்தப் பெண்ணுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

ஐந்து வருடம். டூங்கபியிலிருந்து வேலைக்குப் போகிற ரெயினில் மடியில் வைத்து எழுதிய பாட்டுகள். அழுகை வந்தது. இவரிடம் சொன்னேன். இவர் கணவராகப் பதில் சொல்லவில்லை, கலைக்கழகச் செயலாளராகச் சொன்னார்: “கமிட்டியைக் கூட்டுவம்.”

7 ஓகஸ்ட், வியாழன்

வினுஷா வழி கண்டுபிடித்துவிட்டாள். என் மகளுக்கு மூளை என் பக்கம். பரமட்டா ஸ்டேஷனுக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில், சும்மா கடைக்குப் போகிறவர்கள் போல எங்கள் ஆட்கள் நிற்க வேண்டும். திடீரென்று பாட்டு. நாடகத்தில் வருகிற மாப்பிள்ளை ஊர்வலப் பாட்டு. எல்லோரும் ஆட வேண்டும். பார்க்கிறவர்கள் வீடியோ எடுப்பார்கள், அது ஊரெல்லாம் போகும். ஃபிளாஷ் மொப் என்று பெயராம்.

இவர் கவனமாகக் கேட்டார். “நல்ல விஷயம். ஆர் தலைமை தாங்குறது?”

“ஒருத்தரும் இல்லை அப்பா. அதுதான் பொயின்ற்.”

“தலைமை இல்லாமல் என்னெண்டு துவங்குறது?”

10 ஓகஸ்ட், ஞாயிறு

ஹோம்புஷில் தேஜஸ்வினியின் ஃபிளாட்டுக்குக் கீழே, கார் நிறுத்துகிற இடத்தில் ஒத்திகை. மதுரைப் பிள்ளை, நடனம் அமைப்பவள், பொறுமைசாலி. இன்றைக்கு அந்தப் பொறுமை எங்கே முடிகிறது என்பதைக் கண்டோம்.

“ஆன்ட்டி, சிரிங்க ஆன்ட்டி. வீசா இன்டர்வியூவுக்கு நிக்கிற மாதிரி நிக்கறீங்க!”

சிரித்தால் காலை மறக்கிறோம், காலைப் பார்த்தால் கையை மறக்கிறோம். ஒரு கார் உள்ளே வர, முப்பது பேரும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டோம். காரில் வந்த சீனத்து அம்மா கைதட்டிவிட்டுப் போனார். எங்கள் முதல் இரசிகை.

14 ஓகஸ்ட், வியாழன்

கடவுளே. கடவுளே.

வட்ஸ்அப்பில் இவர் அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறார். கழகத்தின் அறுநூறு பேருக்கும்! ‘திடீர் நடனம். சனி காலை சரியாகப் பதினொரு மணி. அனைவரும் பத்தரைக்கே வருகை தந்து ஆசனங்களில் அமரவும். மடக்குக் கதிரை உள்ளோர் கொண்டு வரவும்.’ கீழே நிகழ்ச்சி நிரல். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, தலைவர் மகேந்திரராஜா அவர்களின் தலைமையுரை, திடீர் நடனம், நன்றியுரை.

“திடீர் எண்டா என்னப்பா?” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“சொல்லாட்டி சனம் என்னெண்டு வரும்?”

மீன்சந்தை மாதிரிப் பேரம் பேசினோம். உரைகள் மூன்றையும் விட்டுக்கொடுத்தார். விளக்கையும் முனகிக்கொண்டே விட்டார். அகவணக்கத்தை மட்டும் விடவில்லை. “செத்துப்போன எங்கட சனத்துக்கு ஒரு நிமிஷம் நிண்டுபோட்டுத்தான் கழகத்தில எதுவும் துவங்கிறது. அதில கை வையாதையும்.” அந்தக் குரலோடு நான் வாதாடுவதில்லை. சரி, ஒரு நிமிடம்.

20 ஓகஸ்ட், புதன்

குத்துவிளக்கு வேண்டாம் என்று இன்றைக்கும் நினைவூட்டினேன். “ஓம்” என்றார். அந்த ஓம் எனக்குத் தெரியும்.

23 ஓகஸ்ட், சனி

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சதுக்கத்தில் மூன்று வரிசை மடக்குக் கதிரை. பிளாஸ்கில் தேத்தண்ணி, பெட்டியில் பற்றீஸ் பலகாரம். முன்வரிசையில் மகேந்திரராஜா அண்ணை கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். ‘சும்மா சாதாரணமாக வாருங்கள்’ என்று தேஜஸ்வினி சொன்னதற்கு ஆடுகிற பெண்கள் எல்லோரும் வைரத்தோடு போட்டு வந்திருந்தார்கள். கடைக்கு வந்தவர்களாம்! எங்கள் காரின் டிக்கியைத் திறந்தார் இவர். துவாயில் சுற்றிய குத்துவிளக்கு.

ஓகஸ்ட் காற்று. ஏற்ற ஏற்ற அணைந்தது. மகேந்திரராஜா அண்ணை கோட்டைக் கழற்றி மறைப்புப் பிடிக்க, ஒருவழியாக ஒரு திரி எரிந்தது. அந்த நெருப்பை எதிர்ப்பக்கம் நின்ற காவலாளி கண்டான். மஞ்சள் அங்கி. எங்களை நோக்கி நடக்கத் தொடங்கினான்.

இவர் சதுக்கத்தின் நட்டநடுவில் போய், கைமைக்கில் தமிழிலும் இங்கிலிஷிலும் ஒரு நிமிட அமைதி கேட்டார். பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கோப்பியோடு போன வெள்ளைக்காரர் நின்று தொப்பியைக் கழற்றினார். சறுக்குப் பலகைப் பொடியன்கள் இறங்கித் தலை குனிந்தார்கள். என்ன, யாருக்கு என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் பரமட்டா முழுவதும் நின்றது. காவலாளியும் நின்றான். எனக்கு மேல் சிலிர்த்தது.

ஆனால் இவருடைய நிமிடம் மற்றவர்களுடைய நிமிடம் அல்ல. போன பொங்கல் விழாவில் ஒரு குழந்தை “முடிஞ்சுதா?” என்று சத்தமாகவே கேட்டது. காவலாளிக்கும் பொறுமை போய்விட்டது. விளக்கைக் காட்டிக்கொண்டு மறுபடி எங்களை நோக்கி நடந்தான். இவன் வந்து நிறுத்தினால் ஆட்டம் இல்லை, வீடியோ இல்லை, நாடகம் இல்லை. நித்திரை வித்தைக்காரன்தான். நிமிடம் முடிந்திருக்கும் என்று நினைத்து ஃபோனில் பாட்டை அழுத்தினேன்.

தவில் இடித்தது. முப்பது பேரும் பாய்ந்து வந்து ஆடினார்கள். நடுவில் இவர். கண் மூடி, கை கோத்து, ஒரு மயிர் அசையவில்லை. மாப்பிள்ளை நிற்க வேண்டிய இடம் அது. மாப்பிள்ளைப் பொடியன் ஓரத்தில் நின்று தவித்தான். பெண்கள் இவரைச் சுற்றித்தான் ஆட வேண்டியிருந்தது. மாலை போடுகிற கட்டம் வந்தது. மணப்பெண்ணாக ஆடிய பிள்ளை ஒரு கணம் முழித்துவிட்டு, மாலையை இவருடைய கழுத்திலேயே போட்டுவிட்டாள். அதற்கும் கண் திறக்கவில்லை.

பாட்டு முடிந்தது. சனம் கூவியது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இவர் மெல்லக் கண் திறந்து, மாலையைக் குனிந்து பார்த்து, மைக்கில் சொன்னார்: “நன்றி. இனி எல்லாரும் கதிரையளில இருக்கலாம்.”

நிறுத்த வந்த காவலாளி தொடக்கத்திலிருந்து வீடியோ எடுத்துக்கொண்டு நின்றான்.

வீடு வரும்வரை இவர் மாலையை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

24 ஓகஸ்ட், ஞாயிறு

‘அசையாத மனிதர்.’ வீடியோ பார்த்த உலகம் இவருக்கு வைத்த பெயர் அதுதான். வினுஷா நிமிடத்துக்கு ஒரு தடவை ஃபோனை நீட்டுகிறாள். பிரேசிலில் ஒரு பல் வைத்தியர் தன் ஆட்களோடு இதேபோல் ஆடி, நடுவில் கண் மூடி நின்றிருக்கிறார். இவ்வளவு கட்டுப்பாடுள்ள நடிகரைத் தான் கண்டதில்லை என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். நடிகராம்.

பென்டில் ஹில்லில் முருங்கைக்காய் வாங்கப் போன இடத்தில் இரண்டு பொடியன்கள் “அங்கிள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு செல்ஃபி” என்று கேட்டார்களாம். இவர் முருங்கைக்காய் இல்லாமல் திரும்பி வந்தார்.

26 ஓகஸ்ட், செவ்வாய்

கதிரை எல்லாம் விற்றுவிட்டது! எல்லாம்! மண்டபத்துக்காரி இரண்டாவது காட்சி போடலாமா என்று கேட்கிறாள்.

நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் தனியாக ஒரு சுற்று ஆடினேன். பிறகு ஃபோன் அடித்தது. பெயர் சொல்லாத ஒரு குரல். “அகவணக்கத்துக்கு நடுவில கூத்தாடின ஆள் நீங்கள்தானே?” அதற்குப் பிறகு இன்னும் நாலைந்து பேர். செத்தவர்களை விற்று ரிக்கெட் விற்றேனாம். ஃபோனை அணைத்து வைத்தேன். ஆனால் மனதுக்குள் ஒரு மூலையில், அவர்கள் சொல்வது முழுப் பொய்யா என்ற கேள்வியும் கிடக்கிறது.

சனிக்கிழமை கமிட்டி கூடுகிறது. மண்டபப் பதிவு கழகத்தின் பெயரில். கழகம் தன் பெயரை விலக்கினால் நாடகம் இல்லை.

இவர் இரவு தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார். கறிக்கு உப்புப் போட மறந்திருந்தேன். ‘உப்புக் காணாது’ என்றுகூடச் சொல்லவில்லை. கல்யாணம் கட்டின நாளிலிருந்து இது முதல் தடவை.

30 ஓகஸ்ட், சனி

கமிட்டி. மகேந்திரராஜா அண்ணை தொண்டையைச் செருமினார். நான் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், நாடகத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ள வேண்டுமாம். “செயலாளரைத்தான் அவமானப்படுத்தினது. செயலாளர் சொல்லட்டும்.”

நான் இவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த வடைத்தட்டைப் பார்த்தேன்.

“அது என்ர நிமிஷம்,” என்றார் இவர். “அதைக் கலைச்சது என்ர மனிசி. அதை நாங்கள் வீட்டில கதைப்பம். நாடகம் இருபதாம் திகதி நடக்கும். அடுத்த விஷயத்துக்குப் போவம்.”

அடுத்த விஷயம் பட்மின்ரன் போட்டி.

காரில், “தாங்ஸ் அப்பா” என்றேன். “நாடகத்துக்கு நான் வரேல்லை,” என்றார். “வீட்டில நிக்கிறன்.”

7 செப்டெம்பர், ஞாயிறு

இன்றைக்குத் தந்தையர் தினம். வினுஷா காலுறை கொடுத்தாள், சினேகிதியிடம் போய்விட்டாள். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“நான் நிமிஷம் எண்ணுறேல்லை,” என்றார்.

“என்ன?”

“எல்லாரும் நான் நிமிஷத்தை நீட்டுறன் எண்டு பகிடி பண்ணுறியள். நான் பேர் சொல்லுறனான். மனசுக்குள்ள. என்னோட படிச்சவங்கள், எங்கட ஒழுங்கையில இருந்த ஆக்கள். வரிசையா. கடைசியா என்ர தம்பி. அண்டைக்குத் தம்பியின்ர பேருக்கு வரேக்க நீர் பாட்டைப் போட்டிட்டீர். குழம்பிப்போச்சு. திரும்ப முதல்ல இருந்து துவங்கினனான்.”

அதனால்தான் அவ்வளவு நேரம் நின்றிருக்கிறார். மாலை விழுந்தும், தவில் இடித்தும், பெயர்களைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். இத்தனை வருடமாகப் பக்கத்தில் நின்று, எப்போது முடியும் என்று யோசித்துக்கொண்டிருந்தவள் நான்.

கண்ணைத் துடைத்தேன். வெங்காயம் நல்லதாகப் போயிற்று.

இவர் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்துக்கொண்டே சொன்னார்: “அவன் எண்டா கண்ணை மூடிக்கொண்டு நிண்டிருக்க மாட்டான். உங்களோட சேர்ந்து ஆடியிருப்பான், விசரன்.”

நாடகத்துக்கு வாருங்கள் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அகவணக்கத்தை யார் செய்வது என்று மட்டும் கேட்டேன். இவர் எழும்பிப் போய்ப் புதுக் காலுறையைப் போட்டுப் பார்த்தார்.

16 செப்டெம்பர், செவ்வாய்

இவருடைய கோட்டு உலர்சலவைக்குப் போயிருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

21 செப்டெம்பர், ஞாயிறு

நேற்று மண்டபம் நிறைந்தது. பாதிப் பேர் தமிழே தெரியாதவர்கள், ‘அசையாத மனிதரை’ப் பார்க்க வந்தவர்கள். விளக்கு அணைந்து திரைக்கு முன்னால் இவர் வந்ததும் விசில். கைதட்டல். ஃபோன்கள் மேலே எழும்பின. பகிடியாகப் போய்விடும் என்று பயந்தேன்.

இவர் கை உயர்த்தவில்லை, கோபிக்கவில்லை. எங்கள் நாட்டில் நடந்த போரில் இறந்தவர்களுக்காக, தமக்குத் தெரிந்த பெயர்களை மனதுக்குள் சொல்லப்போவதாகவும், அவர்களுக்கும் யாராவது இருந்தால் சொல்லலாம் என்றும் இங்கிலிஷில் சொன்னார். அவசரம் இல்லை என்றார். கண்ணை மூடினார்.

ஃபோன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. முழு மண்டபமும் எழுந்து நின்றது. நான் பக்கத் திரைக்குள் ஒலிக்காரர் அருகில் நின்றேன். நான் தலையாட்டினால் அவர் பாட்டைப் போடுவார். நிமிடம் போனது. இன்னொன்றும் போயிருக்கும். எனக்குப் பின்னால் தேஜஸ்வினி, “ஆன்ட்டி, இப்பவா?” என்றாள். இல்லை என்று கை காட்டினேன். நானும் சொல்லத் தொடங்கியிருந்தேன். எனக்கும் பெயர்கள் இருக்கின்றன. என் சின்னம்மா. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்த சாந்தி. இவருடைய தம்பி, என்னை அண்ணி என்று ஒருபோதும் கூப்பிடாமல் யோகா என்றே கூப்பிட்டவன்.

இவர் எப்போது கண் திறந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் மூடியிருந்தேன். மைக்கில் இவருடைய குரல் கேட்டுத்தான் திடுக்கிட்டேன், தமிழ் விளங்கிய பாதி மண்டபமும் சிரித்தது:

“யோகா, முடிஞ்சுதே? முடிஞ்சா, பாட்டைப் போடுமன்.”