மூடி திறந்தால் நிற்க வேண்டும்

செப்டம்பர் 23, திங்கள்

குறுவை நெல் வந்து குவிகிறது. காலையில் ஆலை வாசலில் ஏழு லாரி. திருக்காட்டுப்பள்ளிச் சாலை முழுக்க ஈர நெல் வாசனை. எனக்கு இந்த வாசனை பிடிக்கும் என்று வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

உமி கன்வேயரின் சேஃப்டி மாட்யூல் இன்று செத்துவிட்டது. உள்ளங்கை அகலப் பெட்டிதான். ஆனால் கன்வேயர் மூடியை யாராவது திறந்தால் உள்ளே சுற்றும் இரும்புத் திருகை அந்த நொடியே நிறுத்துவது அதுதான். புதியதை எலெக்ட்ரிக்கல் அறையில் என் மேசையில் வைத்துச் சோதித்தேன். நன்றாக வேலை செய்தது. கொண்டுபோய் மாட்டி, எமர்ஜென்சி பட்டனை அழுத்திப் பார்த்தேன், நின்றது. அதற்குள் பாய்லர் பக்கம் பம்ப் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள்.

நல்ல நாள். கை வலிக்கிறது, மனசு லேசாக இருக்கிறது.

செப்டம்பர் 25, புதன்

மழை. வீட்டுக்காரர் கெண்டை மீன் வாங்கி வந்து தானே குழம்பு வைத்தார். உப்பு தூக்கல். சொல்லவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

எழுத வரவில்லை. எழுதிவிட வேண்டும்.

பதினொன்றரை மணிக்கு உமி அடைத்துக்கொண்டது. மழையில் நனைந்த உமி அப்படித்தான் கட்டி தட்டும். அதைக் குத்திவிடுவது அம்சம் அக்கா வேலை. பதினாறு வருடமாக இந்த ஆலையில் இருப்பவர். வழக்கம்போல மூடியைத் திறந்தார். மூடி திறந்தால் திருகு நிற்கும். பார்க்காமலே மூங்கில் குச்சியை உள்ளே விட்டார்.

நிற்கவில்லை.

குச்சியை இழுத்துக்கொண்டு போய் நார் நாராகக் கிழித்துவிட்டது. அக்கா குச்சியைப் பிடியிலிருந்து விட்டுவிட்டார். விட்டதால்தான் கை இருக்கிறது. நான் ஓடிப்போனபோது உமி மேட்டில் உட்கார்ந்து உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவிட்டுப் பேனலைத் திறந்தேன். மாட்யூலில், மூடியின் சுவிட்சிலிருந்து வரும் இடத்தில், இரண்டு துண்டு நீல வயர் குறுக்கே போட்டிருந்தது. அந்த வயர் இருந்தால் மூடி திறந்திருந்தாலும் மாட்யூலுக்கு மூடியது போலத்தான் தெரியும்.

கன்வேயர் ஆபரேட்டர் அப்சர் அண்ணன். மூடியைத் தொட்டாலே கன்வேயர் நிற்கிறது, மறுபடி கிளப்ப நேரமாகிறது என்று எப்போதும் அலுத்துக்கொள்வார். எல்லார் முன்னாலும் கேட்டேன். "அண்ணே, வயர் போட்டு வுட்டீங்களா?"

"நான் அந்தப் பெட்டியத் தொட்டதே இல்லம்மா."

முதலாளி ரெங்கசாமி அய்யா கத்தித் தீர்த்துவிட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அப்சர் அண்ணன் திறக்காத சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனார்.

செப்டம்பர் 28, சனி

நான்தான்.

நான்தான் போட்டது. காலையில் என் மேசையில் நீல வயர்ச் சுருளைப் பார்த்தேன். பக்கத்தில் செத்துப்போன பழைய மாட்யூல். மேசையில் சோதிக்கும்போது மூடியும் சுவிட்சும் கிடையாது. அதனால் இரண்டு துண்டு வயர் வெட்டி, முனையில் சிறு உலோகக் குழாய் மாட்டி நசுக்கி, மூடி மூடியிருப்பது போலக் காட்டினேன். வயர் முனையில் குழாய் நசுக்குகிறவள் இந்த ஆலையில் நான் ஒருத்திதான். அவசரத்தில் அதை எடுக்காமலே கொண்டுபோய் மாட்டியிருக்கிறேன். எமர்ஜென்சி பட்டனுக்கு வேறு மாட்யூல். அது நிற்கத்தான் செய்யும். மூடியைத் திறந்து பார்த்தேனா? பார்க்கலியே. ஒரு நிமிஷம் ஆகுமா அதுக்கு?

பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன். சோதனைக்குப் போட்ட இணைப்பை எடுத்துவிட்டு மாட்டு, மாட்டிய பின் ஒவ்வொரு மூடியையும் திறந்து பார் என்று இருக்கிறது. படிச்சவதானே நான்.

அவருக்குப் போன் செய்தேன். நெடுஞ்செழியன் அவசரப்பட்டுப் பேசமாட்டார்.

"சொன்னா என்ன ஆகும்?"

"வேலை போகலாம்."

"சொல்லலன்னா?"

போனை வைத்துவிட்டேன்.

எங்கள் தெருவில் வயலுக்குப் போகாமல் வேறு வேலைக்குப் போன முதல் பெண் நான். "பொம்பளைய எலெக்ட்ரிக்கல்ல வச்சா இப்படித்தான்" என்று ஒருவன் சொல்ல நானே இடம் கொடுப்பதா? இதைத்தான் ஒரு மணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரமும் ஒரு மனிதர் செய்யாத தப்புக்கு வீட்டில் உட்கார்ந்திருந்தார். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நேற்று எந்த இடத்தில் நின்று கேட்டேனோ அதே இடத்தில், அதே ஆட்கள் முன்னால் சொன்னேன். முதலாளி, "அப்ப அந்த ஆள நான் சும்மா திட்டிட்டனா?" என்றார். பிறகு, "வண்டில ஏறு."

அப்சர் அண்ணன் வீட்டில் அவர் மனைவி நுஸைபா அக்கா என் முகத்தைப் பார்க்காமல் டீ கொடுத்தார். முதலாளி, "தப்பு எங்க மேல, அப்சரு. நாளைக்கு வந்துரு" என்றார். அண்ணன் அவருக்குத் தலையாட்டினார். என்னிடம் மட்டும் சொன்னார்:

"தனியாக் கூப்ட்டுக் கேட்டிருக்கலாம்ல?"



திரும்பி வந்து அம்சம் அக்காவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு நெடுநேரம் உமி கூட்டினார். அப்புறம், "கம்போட போச்சு. கையே போயிருந்தா எந்தக் கையால ஒன்ன அடிக்கிறது?" என்றார். அழுதுவிட்டேன். அவர் கூட்டுவதை நிறுத்தவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

வேலை போகவில்லை. முதலாளி சொன்னது ஒன்றுதான்: "இனிமே இப்படி நடக்காதுன்னு வாயால சொல்லாத. நடக்க முடியாதபடி பண்ணு."

அக்டோபர் 4, வெள்ளி

அப்சர் அண்ணன் "ஓட்டலாமா", "நிறுத்தலாமா" இரண்டு வார்த்தைதான் பேசுகிறார். நியாயம்தான்.

ஆங்கிலப் புத்தகத்தின் பக்கங்களை ஒரே ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சோதனை வயர் இனி சிவப்பு மட்டும், ஒவ்வொன்றிலும் ஒரு முழ நீள நாடா, அது தொங்கினால் பேனல் கதவு மூடாது. மாட்டுகிறவர் ஒருவர், சோதிக்கிறவர் வேறொருவர். மூடி திறந்து திருகு நின்றாலும் கையோ குச்சியோ உள்ளே போகக் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும், சாவி, உமி குத்துகிறவர் மடியில்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம். முதலாளி பேனலுக்குள்ளும் பொட்டு வைக்கப் போனார். வெளியில் மட்டும் போதும் அய்யா என்றேன்.

பொரி தின்றுகொண்டே அப்சர் அண்ணன் என் தாளை எடுத்துப் படித்தார். இரண்டு வாரத்தில் முதன்முறையாக முழு வாக்கியம் பேசினார்.

"'மூடி திறக்கப்படும்போது இயக்கம் தடைபட வேண்டும்.' இத யாருக்கும்மா எழுதுன, கலெக்டருக்கா?"

"எப்படிப் போடணும்ணே?"

"மூடி தெறந்தா நிக்கணும். நிக்கலன்னா ஓட்டாத. அவ்ளோதான்."

அப்படியே மாற்றினேன். திறந்தால், நிற்க வேண்டும் என்று எழுத்து மட்டும் திருத்தினேன். பாதித் தாள் காலியாகிவிட்டது. மனசு நிறைந்திருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

தினமும் காலை முதல் ஷிஃப்டுக்கு முன்னால் மூடிச் சோதனை. யார் திறப்பது என்று கேட்டேன். "நாந்தான்" என்றார் அம்சம் அக்கா. திறந்தார். நின்றது. மூடினார். பச்சை விளக்கு. மறுபடி திறந்தார். எட்டு தடவை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

ஐந்து நாளாக அடைமழை. நுஸைபா அக்கா எனக்கென்று தனியாகக் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தார். இஞ்சி தூக்கலாக, நன்றாக இருந்தது.

ஜனவரி 30, வியாழன்

சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. மூச்சு விட நேரமில்லை. சந்தோஷம்தான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஞாயிறும் திங்களும் முத்துப்பேட்டையில் தங்கை பூவிழி வீட்டில். சம்பா நேரத்தில் லீவா என்று எனக்கே கூச்சம். முதலாளிதான் போய் வா என்றார்.

இன்று காலை ஆலைக்குள் நுழைந்தால் சத்தமே இல்லை. வாசலில் பதினோரு லாரி. களத்தில் அவித்த நெல்லைப் பரப்பி ஆட்கள் காலால் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். பதறிப்போய் ஓடினேன். அப்சர் அண்ணன் கன்வேயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்துக் காலைல மூடிய தெறந்தோம், நின்னுச்சு. மூடுனா பச்ச வரல. நாலு தடவ பாத்தாச்சு. அதான் ஓட்டல."

"நேத்துலேருந்தா?"

"நேத்துலேருந்துதான். லாரிக்காரரு ஒருத்தரு, ஒரு வயரப் போட்டு வுட்டா ஓடும், எங்க ஊரு மில்லுல அப்படித்தான்னாரு. அம்சம் அவரு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து உள்ள காட்டுச்சு. 'மொதல்ல ஒங்க கைய வுட்டுப் பாருங்க'ன்னுச்சு. அப்புறம் அவரு டீ குடிக்கப் போயிட்டாரு."

"அய்யா என்ன சொன்னாங்க?"

"ரெண்டு தடவ வந்து பாத்தாரு. மூணாவது தடவ, நெல்ல வெயில்ல காயவைக்கக் களத்துக்கு ஆள் சொல்லிட்டாரு."

மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுப் பேனலைத் திறந்து பார்த்தேன். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு காண்டாக்டரில் ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று இருந்ததால்தான் நேற்று திருகு நின்றது. வயர் போட்டு ஓட்டியிருந்தால் அதுவும் ஒருநாள் ஒட்டி, மூடி திறந்தாலும் திருகு நின்றிருக்காது. மாட்யூல் சரியாகத்தான் அடம்பிடித்திருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து புதிய காண்டாக்டர் வந்தபோது மணி ஒன்றரை. நான் மாட்டினேன். அப்சர் அண்ணன் சோதித்தார். இரண்டரைக்கு உமி பாய்லருக்குப் போக ஆரம்பித்தது.

"எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல?" என்றேன்.

"எதுக்கு? ஓட்டக் கூடாதுன்னு எங்களுக்கே தெரியுமே. நீ லீவுல இருந்த."

நேற்று இவர்கள் ஓட்டாமல் காத்திருந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். பூவிழி வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, நண்டுக் குழம்பு சாப்பிட்ட மயக்கத்தில், நான்கு மணி வரை அசையாமல் தூங்கியிருக்கிறேன்.