சக்கரங்களைக் கழற்றியவன் நான்தான்

எம்டன்,
மார்ச் 14, சனிக்கிழமை காலை

அன்பு மகள் வீப்கேவுக்கு அப்பா ஹாப்போ எழுதுவது.

இங்கே அம்மா சௌக்கியம், உன் கார் சௌக்கியம், நான் முக்கால்வாசி சௌக்கியம். மீதிக் கால்வாசி என் இடது முழங்கால், அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். அங்கே நியூசிலாந்தில் நீயும் நீ வைத்தியம் பார்க்கும் ஆடுகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். திங்கட்கிழமை மேல்மாடி அல்முத் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நீ நான்கு முறை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. கடைசியில் அம்மா எடுத்து, சக்கரமெல்லாம் பத்திரமாக இருக்கிறது, மற்றதை அப்பா எழுதுவார் என்று சொல்லி வைத்துவிட்டாள். எழுதச் சொன்னது அவள் எனக்குக் கொடுத்த தண்டனை. போனில் என்றால் நான் சிரித்து மழுப்பிவிடுவேனாம், காகிதத்தில் மழுப்ப வராதாம். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பப்போகிறாள், அதற்கு முன் அவளும் படிப்பாள், ஆகவே பொய் எழுதவும் வழியில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் காரின் நான்கு சக்கரங்களையும் கழற்றிய திருடன் உன் அப்பன்தான். அதனால் கீழ்த்தளத்து ருமென் தன் வேலையை இழக்கப் பார்த்தான்.

ருமெனை நீ பார்த்ததில்லை. நீ போன பிறகு இலையுதிர் காலத்தில் குடிவந்தவன், பல்கேரியாக்காரன், துறைமுகச் சாலையில் வியார்டின் டயர் பட்டறையில் வேலை. ஆறு மாதம் சோதனைக்காலம், இந்த மாதக் கடைசியில் முடிகிறது. வியார்ட் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம், மனைவியையும் மகளையும் ஏப்ரலில் அழைத்துக்கொள்வான். போடாவிட்டால் இவன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இதெல்லாம் அவனே என்னிடம் படிக்கட்டில் சொன்னது. போன மாதம் அடுத்த தெருவில் மூன்று கார்கள் காலையில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தன, சக்கரம் ஒன்றுகூட இல்லை. உன் காரிலோ நீ ஆசை ஆசையாக வாங்கி மாட்டிய அந்தக் கறுப்பு அலாய் வீல்கள். நீ கிளம்பும்போது என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, காரைப் பார்த்துக்கொள் என்று. எனக்குச் சோறு இறங்கவில்லை. ருமெனைக் கூப்பிட்டுக் காட்டினேன். குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, கை பழகினவனுக்கு இது நாலு நிமிஷ வேலை. உங்க டீ ஆறுறதுக்குள்ள போயிடுவான்" என்றான். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள், விளக்குக் கம்பத்துக்குக் கீழே நிறுத்துங்கள், முன்சக்கரத்தைத் திருப்பி வையுங்கள், ஆனால் நிஜமாகக் காப்பாற்றுவது பூட்டுப் போல்ட்டுதான், சக்கரத்துக்கு ஒன்று, அதற்கென்றே உள்ள சாவி இல்லாமல் கழற்ற வராது, வியார்டிடம் சொல்லி வரவழைக்கிறேன், அடுத்த வியாழக்கிழமை வந்துவிடும் என்றான். எவ்வளவு பொறுப்பாகச் சொன்னான் பார். நான் என்ன செய்தேன், மேலே போய் அல்முத்திடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். சும்மா சொன்னால் சுவைக்காது என்று, "மத்தவனுக்கு நாலு நிமிஷமாம், அவனுக்கு மூணே போதுமாம்" என்று ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த உப்பை நினைவில் வைத்துக்கொள்.

வியாழக்கிழமை வரை என்ன செய்வது. ஜன்னலுக்கும் நாற்காலிக்கும் நான் நடந்த நடையில் கம்பளம் தேய்ந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. காரில் இல்லாத சக்கரத்தை எவன் திருடுவான், நாமே கழற்றி நிலவறையில் வைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் யார் கண்ணிலும் படாமல் செய்ய வேண்டும், எங்கே ஒளித்தோம் என்று ஊருக்குத் தெரிந்தால் ஒளித்து என்ன பயன். முற்றம் காலியாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், கட்டடமே ஊர்ச்சாலையில் உருண்டை எறிந்துகொண்டே நடக்கும் பந்தயத்துக்குப் போய்விடும். அங்கேதான் சிக்கல். வாசல் கண்ணாடிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது, "ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்தில் கார் கழுவுவதும் பழுது பார்ப்பதும் கண்டிப்பாகக் கூடாது, நம் வீட்டின் அமைதி நம் பொறுப்பு" என்று. கீழே என் கையெழுத்து. நவம்பரில் ருமென் ஒரு ஞாயிறு மதியம் தன் பழைய வேனுக்குச் சக்கரம் மாற்றினான், அதற்காக நானே எழுதி ஒட்டியது. பாவம், அன்று சாயங்காலமே ஒரு போத்தல் ரோஜா ஜாமோடு மேலே வந்து மன்னிப்புக் கேட்டான். பாதிப் போத்தல் இன்னும் நம் வீட்டில் இருக்கிறது.

ஆக ஞாயிறு காலை முழங்கால் வலி என்று படுத்துவிட்டேன். அம்மா வெந்நீர்ப் பை கட்டினாள், அல்முத் தைலம் கொண்டுவந்தாள், எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, பந்தயத்துக்குத் தீனி ஏற்றிய கைவண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் கால்வாய் வளைவைத் தாண்டியதும் கிழட்டு முயல் மாதிரிக் கீழே ஓடினேன். சத்தம் வராமல் இருக்கக் கம்பளியை விரித்து, ஜாக்கி வைத்து, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த தரைக்கற்களை அடுக்கி, ஒவ்வொரு சக்கரமாக உருட்டி நிலவறையில் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்து, உன் பழைய கூடாரத் துணியால் மூடினேன். திருடனுக்கு நாலு நிமிஷம், எனக்கு இரண்டரை மணி நேரம். நான்காவது சக்கரத்தில் இடது முழங்காலில் ஒரு சத்தம் கேட்டது. காலையில் பொய்யாகச் சொன்ன வலி மத்தியானம் உண்மையாகவே வந்து சேர்ந்தது. காருக்கு உறையை மாட்டி இழுத்துக் கட்டிவிட்டு, நான்தான் பெரிய எம்டன் என்ற நினைப்போடு நொண்டி நொண்டி மேலே வந்து படுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அல்முத்துக்குப் போகும், அல்முத்துக்குப் போனால் எம்டனுக்கே போகும்.

திங்கள் காலை முதல் ரயிலில் ஓல்டன்பர்க் எலும்பு வைத்தியரிடம் போனேன், கைபேசி வழக்கம்போல ரொட்டிப் பெட்டியின் மேல். அன்றைக்குக் கடல்காற்று எப்படி அடித்தது தெரியுமா, உறை கயிற்றோடு பிடுங்கிக்கொண்டு போய் வேலியில் தொங்கியதாம். பார்த்தால் கல்லின் மேல் கார். அல்முத் படம் எடுத்தாள், உனக்கு அனுப்பினாள், போலீசைக் கூப்பிட்டாள். வந்தவர்கள் யாராவது அந்தக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்களா என்று கேட்க, அல்முத் தன் மனசுக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னாள், கீழ்த்தளத்து டயர்க்காரன் குந்தி உட்கார்ந்து பார்த்தான், தனக்கு மூன்று நிமிஷம் போதும் என்று ஹாப்போவிடமே சொன்னான் என்று. என் உப்பு போலீஸ் நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அவர்கள் பட்டறைக்குப் போய் மரியாதையாகத்தான் கேட்டார்களாம், ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று. வீட்டில் என்றான். யார் சாட்சி என்றால் யாருமில்லை. கட்டடமே பந்தயத்துக்குப் போயிருந்தது, இவனை ஒருவரும் அழைத்ததில்லை, ஐந்து மாதமாக அழைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. வேறு ஏதாவது தெரியுமா என்றதற்கு, கார்க்காரரையே கேளுங்கள் என்றானாம். அவர்கள் போனதும் வியார்ட் மூன்று வாடிக்கையாளர்கள் முன்னால், "நீ வீட்டுக்குப் போ, புதன்கிழமை வா, உன் காகிதத்தப் பத்தி அப்ப பேசுவோம்" என்று அனுப்பிவிட்டான்.

இதையெல்லாம் நான் நாலு மணிக்குத் திரும்பி வந்தபோது முற்றத்தில் நின்ற கூட்டம் சொல்லித்தான் தெரியும். எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். "மனசத் தேத்திக்க ஹாப்போ, சக்கரந்தான போச்சு. கார்க்காரரக் கேளுங்கன்னு என்ன திமிராச் சொல்லிருக்கான் பாரு" என்றாள் அல்முத். நான் வாயைத் திறந்தேன், சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். "அல்முத், அது வந்து" என்று தொடங்கும்போது கண்ணாடிக் கதவில் என் கையெழுத்து தெரிந்தது. "முழங்கால் ரொம்ப வலிக்குது" என்றுதான் வெளியே வந்தது. படியேறும்போது ருமெனின் கதவு பாதி திறந்திருந்தது. பட்டறை உடுப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான், என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் "மோயின்" என்று வணக்கம் சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன். அறுபத்தாறு வயதில் எத்தனையோ அசட்டுத்தனம் செய்திருக்கிறேன், எல்லாவற்றையும் உனக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன், அந்த ஒரு வணக்கத்தைச் சிரிப்பாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். சக்கரம் எங்கே என்றாள், உருளைக்கிழங்குக்குப் பின்னால் என்றேன். "அந்த மனுசன் பொண்டாட்டி புள்ள முகத்தப் பாக்க நாள எண்ணிக்கிட்டு இருக்கான். நீ உன் ஞாயித்துக்கிழமையக் காப்பாத்திக்கிட்டு உக்காந்திருக்க" என்றாள். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "நாளைக்குன்னா எப்ப? பட்டறை திறக்கிற நேரத்துக்குப் போ. ஆளுங்க இருக்கும்போது சொல்லு. அவன் பேரு ஆளுங்க முன்னாடிதான் போச்சு" என்றாள். அப்புறம் என்னோடு பேசவில்லை, வெந்நீர்ப் பையும் கட்டவில்லை.

செவ்வாய் காலை ஏழு மணிக்குப் பட்டறையில் நான்கு பேர் காத்திருந்தார்கள். சொன்னேன். ஒருவன் சிரித்தான், வியார்ட் சிரிக்கவில்லை. "மூணு நிமிஷம்னு அவன் சொன்னானா இல்லையா" என்றான். நாலு என்றுதான் சொன்னான், மூன்று என் சரக்கு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எழுதிக் குடு. நீதான் நல்லா எழுதி ஒட்டுவியே, உங்க வாசல்ல பாத்திருக்கேன்" என்று ஒரு காகிதத்தை நீட்டினான். எழுதினேன், அதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டினான், இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்து போலீஸ். அங்கிருந்த போலீஸ் அம்மாள் இரண்டு முறை கேட்டுக்கொண்டாள், "உங்க மக கார்ச் சக்கரத்த நீங்களே கழட்டி, நீங்களே ஒளிச்சு வெச்சிருக்கீங்க, அதான?" அதேதான் என்றேன். பிறகு நம் வாசலில் என் பழைய காகிதத்துக்குக் கீழேயே இன்னொன்று ஒட்டினேன், ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சக்கரம் கழற்றியவன் ஹாப்போ, திருடன் யாருமில்லை, மூன்று நிமிஷக் கதையும் நான் கட்டியது என்று. அல்முத் அதைப் படித்துவிட்டு என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறாள், நியாயம்தான், அவளையும் பொய்சாட்சி ஆக்கிவிட்டேன். ருமெனுக்கு ஒரு கேக் செய்து கொண்டுபோனாள். வாசலிலேயே வாங்கிக்கொண்டு நன்றி சொன்னானாம், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லையாம்.

அவன் கதவைத் தட்டுவதற்குத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "தெரியும்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சமையக்கட்டு ஜன்னல்லேந்து பாத்தேன். கடைசிச் சக்கரத்துல நொண்டுனீங்க. வந்து கை குடுக்கலாம்னு செருப்பக்கூட மாட்டிட்டேன். அப்புறம், ஞாயித்துக்கிழமையாச்சேன்னு விட்டுட்டேன்" என்றான். பிறகு ஏன் போலீசிடம் சொல்லவில்லை என்று கேட்டேன், கேட்கக் கூசாமல் கேட்டேன். "நான் சொன்னா யாரு நம்புவா? முழங்கால் முடியாதவர் மேல பழி போடுறான்னுதான் சொல்லுவாங்க. அதான் உங்களக் கேக்கச் சொன்னேன். சாயங்காலம் வந்ததும் நீங்களே சொல்லிருவீங்கன்னு கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். மோயின்னு சொல்லிட்டுப் போனீங்க." அவ்வளவுதான் சொன்னான், குரலை உயர்த்தவில்லை.

புதன்கிழமை வியார்ட் கையெழுத்துப் போட்டுவிட்டான், அதை நினைத்து நிம்மதியாக இரு. ஏப்ரலில் அவன் குடும்பம் வருகிறது. வியாழக்கிழமை பூட்டுப் போல்ட்டு வந்தது, மாட்டிக் கொடுக்க ருமெனே வந்தான். நிலவறையிலிருந்து சக்கரங்களைத் தூக்கி வந்து நான்கையும் மாட்டி, சக்கரத்துக்கு ஒரு பூட்டு வைத்து முடித்தான். மேலே வந்து ஒரு தேநீராவது குடிக்க வேண்டும் என்று அம்மா விடவில்லை. இரண்டு கோப்பை குடித்தான். மூன்றாவது ஊற்றப் போகும்போது கரண்டியை எடுத்துக் கோப்பைக்குள் வைத்துவிட்டான். நம் ஊரில் அதற்குப் போதும் என்று அர்த்தம் என்பது தெரிந்து வைத்தானா, தெரியாமல் வைத்தானா, கேட்க எனக்குத் தைரியமில்லை. மூன்றுக்குக் குறைவாகக் குடித்து எழுந்தவர் நம் வீட்டில் யாருமில்லை. பூட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று உன்னிடமே இருக்கட்டும், எனக்கு மறதி என்று அவனிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "வேணாம் சார். நாளைக்கு எதாவது காணாமப் போனா, சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னுதான் முதல்ல கேப்பாங்க" என்றான். ஐந்து மாதமாக என்னைப் பெரியவரே என்று கூப்பிட்டவன், வீப்கே. அந்தச் சாவியை நான் இன்னும் மேசையிலிருந்து எடுத்து வைக்கவில்லை.

நீ எங்களைப் போலப் பக்கத்து வீட்டுக்காரர்கள் உள்ள இடத்தில் இல்லை என்பது தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், யாரைப் பற்றியாவது வேடிக்கையாகச் சொல்லும்போது உப்புச் சேர்க்காதே, என் ரத்தம் உனக்கும் ஓடுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள், ஆடு முட்டும் இடத்தில் நிற்காதே. எந்த ஊரில் இருந்தாலும் உன் கதவைத் தட்ட நல்ல மனிதர்கள் வரட்டும், அவர்கள் கதவைத் தட்டும் துணிச்சல் உனக்கும் இருக்கட்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம். ஏப்ரலில் ருமெனின் மகளுக்கு ஏழு வயது முடிகிறதாம், உன் பெயரில் ஒரு வாழ்த்து அட்டை அனுப்ப மறக்காதே.

இன்னொன்று. போகும்போது ருமென் படியில் நின்று, சக்கரம் மாட்டிய வண்டி ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும், போல்ட்டுகளை மறுபடி ஒரு முறை இறுக்க வேண்டும், தானே பார்ப்பதாகச் சொன்னான். என் கால் கிளட்சை மிதிக்க உதவாததால் இரண்டு நாளாக அம்மா ஓட்டுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறேன். நாற்பத்தொன்று ஆகியிருக்கிறது. தேவையே இல்லாமல் மீன் வாங்கத் தூரத்துக் கடைக்குக் கிளம்புகிறோம், திரும்பும் வழியில் பட்டறை.

உன் சக்கரங்களைக் கழற்றிய,
அப்பா ஹாப்போ