விசில் ஊதுகிற ரோபோ

12 செப்டம்பர் 2004, ஞாயிறு

லீவு நாளிலும் நிம்மதி இல்லை. கொழும்பில் வேலை செய்யும் தம்பி டிவியில் மாட்டி இரண்டு பேர் சேர்ந்து விளையாடும் கேம் ஒன்றைக் கொடுத்தாலும் கொடுத்தான், என் வீட்டுக்காரர் அதில் ரோபோ பொம்மையை விட்டு வேறு எதையும் தொடுவதில்லை. கண் மூடித் திறப்பதற்குள் ஒரு ஆட்டம் முடிந்துவிடும். அதற்குள் என் பொம்மை ஓடி ஓடிப் பெட்டி பொறுக்கி லொறியில் ஏற்ற வேண்டும். ரோபோ விசில் ஊதினால் அது இன்னும் வேகமாக ஓடும்.

இவர் ஊதிக்கொண்டே இருந்தார்.

"வெரசா பொறுக்கு புள்ள! அந்தா, ஒண்ண விட்டுட்ட பாரு!"

கங்காணியாக தேயிலை மலையில், நான் கொழுந்து பறிக்கும் நிரையில் நின்று கத்துவது போதாதா?

"ஏங்க, இன்னிக்கி ஞாயித்துக்கெழமைங்க," என்றேன். காதில் விழவில்லை.

அவர் தண்ணீர் குடிக்கப் போனபோது ஆத்திரத்தில் ரோபோவின் பட்டன் எல்லாவற்றையும் அமுக்கினேன். ஒரு பட்டனுக்கு அது குனிந்து, நாலு பெட்டியை ஒரே தூக்காகத் தூக்கி லொறியில் வைத்தது. இத்தனை நாளும் அதற்குக் கை இருந்திருக்கிறது!

வந்தவரிடம் காட்டினேன்.

"அது தெரியும் புள்ள. கங்காணி எங்கயாச்சும் கொழுந்து எடுப்பானா?"

நாளைக் காலையில் தேத்தண்ணிக்கும் விசில் ஊதிப் பார்க்கட்டும்.