அழிக்கப்படவிருக்கும் 41ஆம் இலக்கக் கணனி

அந்தரங்கம்

அனுப்புநர்:
திருமதி இம்மாகுலேற் யோகலிங்கம்,
ஈஸ்ட் ஹாம், லண்டன் ஈ6.

பெறுநர்:
நிர்வாகச் செயலாளர்,
தமிழர் கணனி இரவல் நிலையம்,
ஈஸ்ட் ஹாம்.

விடயம்: 41ஆம் இலக்கக் கணனியின் டிஸ்க்கை வருகிற சனிக்கிழமை அழிப்பதை நிறுத்தக் கோருதல்.

மதிப்புக்குரிய செயலாளர் ஐயா,

இம்மனுவைக் கையால் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். கணனி உங்களிடம் இருக்கிறது.

1. கடந்த ஆகஸ்டில் உங்கள் நிலையம் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட மேசைக் கணனி ஒன்றை எனக்கு இரவலாகத் தந்தது. அதற்கு நன்றி. ஒக்டோபரிலிருந்து அது எழுதிக்கொண்டிருக்கும்போதே உறையத் தொடங்கியது. மவுஸ் அசையாது, திரையில் கோடு கோடாக விழும், பிளக்கைப் பிடுங்கினால்தான் விடிவு. திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் டிரைவரில் பிழை என்று உங்கள் ஆட்கள் தொலைபேசியில் சொன்னார்கள். வேறு டிரைவர் போடச் சொன்னார்கள், போட்டேன். லினக்ஸ் தன்னைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அதுவும் படுத்துவிட்டது.

2. நான் பேக்கரியில் வேலை செய்கிறவள். நூலகத்துக் கணனியில் பார்த்துக் கொப்பியில் எழுதி வந்த கட்டளைகளின்படி, கணனியின் அமைப்புக் கோப்பில் இருந்த டிரைவரின் பெயரை அழித்துச் சாதாரண டிரைவர் ஒன்றின் பெயரை நானே எழுதினேன். மூன்று கிழமை ஒரு தடவைகூட உறையவில்லை. பெருமையாக இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். பெப்ரவரி 7ஆம் திகதி மறுபடி புதுப்பித்தல் வந்தது. அதோடு திரை கறுப்பு. வெள்ளை எழுத்தில் பெயரும் கடவுச்சொல்லும் மட்டும் கேட்டது, கொடுத்தால் ஏற்றுக்கொண்டது. அதற்கு மேல் என்ன தட்டியும் படம் வரவில்லை. ஆனால் எழுதியவையெல்லாம் இருக்கும் டிஸ்க்குக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது எனக்கே விளங்கியது.

3. 9ஆம் திகதி அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தொண்டர் திரு. செல்வரத்தினம் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. டிரைவரோடு மினக்கெட நேரமில்லை, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் சரி, அடுத்த சனி செய்வோம் என்றார். உள்ளே முக்கியமாக ஏதும் உண்டா என்றும் கேட்டார். என் பின்னால், மாதா கோவிலில் என்னோடு பாட்டுக் குழுவில் பாடும் இரண்டு பெண்கள் நின்றார்கள். "ஒண்டுமில்லை அண்ணை, அழியுங்கோ" என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்தேன்.

4. அது பொய். உள்ளே என் தம்பி சூசைதாசனின் வாக்குமூலம் இருக்கிறது. அவன் மாணவர் விசாவில் இருக்கிறான் என்றே எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். அகதிக் கேஸ் என்று வாய் திறந்தால் பின்னேரத்துக்குள் கதை நம் சனம் இருக்கும் குட்மேய்ஸ் வரை போய்விடும் என்பது ஐயா அறியாததல்ல. ஊரில் இராணுவ முகாமில் தனக்கு நடந்ததை அவனால் வக்கீலிடம் சொல்ல முடியவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. அந்தக் கணனியில் மட்டும் எழுதினான், ஒரு நாளைக்கு நாலு வரி, ஐந்து வரி. நூலகத்துக் கணனியில் தமிழ் எழுத்து வராது, அச்செடுக்க உங்கள் நிலையத்துக்குத்தான் வர வேண்டும். அங்கே அச்சு இயந்திரத்தைச் சுற்றி எப்போதும் ஆட்கள். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டது என் மடத்தனம்.

5. ஜனவரிக் கடைசியில், குடிவரவு அலுவலகத்தில் வழக்கம்போலக் கையெழுத்து வைக்கப் போன இடத்தில் அவனைப் பிடித்துத் தடுப்பு நிலையத்தில் அடைத்துவிட்டார்கள். மேன்முறையீடு இம்மாதம் 27ஆம் திகதி. வக்கீல் வாக்குமூலத்தைக் கேட்கிறார். அது இல்லாவிட்டால் தம்பியை இலங்கைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்ப எழுதும்படி தம்பியிடம் தொலைபேசியில் கெஞ்சினேன். "ஏலாது அக்கா. ஒருக்காத்தான் ஏலும்" என்றான். தொலைபேசியை வைத்துவிட்டான்.

6. நேற்று நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். காரணத்தைச் சொல்லாமல், அழிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டேன். கையெழுத்து வைத்தால் வைத்ததுதான், அடுத்தவர் காத்திருக்கிறார் என்று பதில் வந்தது. பிழை என்னுடையது. ஆனால் ஒரு டிரைவர் பிழைக்கு முழு டிஸ்க்கையும் அழிப்பது என்ன வைத்தியம் ஐயா? எனக்குக் கோபமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

ஆகவே அந்தக் கணனியைத் தொடாமல் வைக்கும்படி இன்றே உத்தரவிட வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணனியில் பூட்டி, தம்பியின் பெயரில் உள்ள ஒரேயொரு கோப்பைப் பிரதி எடுத்துத் தந்தால் போதும். பிறகு கணனியை யாருக்கும் கொடுங்கள். நான் இனிக் கேட்கமாட்டேன்.

பிரதி எடுக்கிறவர் தயவுசெய்து அதைத் திறந்து வாசிக்கக் கூடாது. நானும் இன்னும் வாசிக்கவில்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
இம்மாகுலேற் யோகலிங்கம்

இடம்: ஈஸ்ட் ஹாம்
திகதி: 12.02.2008