சஹனில் வாப்பாவின் பங்கு

அன்பு மகன் றுஸ்திக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உம்மா நலம். நீங்களும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்துகிறேன். வாப்பாவைப் பற்றி மட்டும் அப்படி எழுத முடியவில்லை மகன். போனில் சொன்னால் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார், அதனால்தான் லீவு முடிந்து உங்களிடம் கட்டாருக்குத் திரும்பும் அஸ்ஹரின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன்.

வாப்பாவின் இடது கால் புண் எலும்பு வரை இறங்கிவிட்டது. கண்டியில் பெரிய டொக்டர் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், பிந்தினால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டார். வீட்டில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை, அரிசி அளக்கும் சுண்டால்தான் சோற்றையும் அளந்து போடுவேன், சாப்பாட்டுக் கோப்பையில் பாதி வல்லாரை, பாகற்காய், போஞ்சி, தேத்தண்ணீருக்குச் சீனி கிடையாது, தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி விலை ஏறிய நாட்களிலும் நான் குறைக்கவில்லை. கிழமை முழுக்க இறங்கி வருகிற இரத்தச் சீனி ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்ததும் ஏறிவிடும். ஆறு பேர் பாயில் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிடும்போது என் அளவு எங்கே நிற்கும், யார் எவ்வளவு தின்றார் என்று யாருக்குத் தெரியும். ஜைனுதீன் நானாவின் மகள் நுஸ்லாவின் கலியாணத்தில் வாப்பா பாதியில் கையை எடுத்தாராம். உடனே நானா, "என்ன ஹுசைன், ஒங்கட பொஞ்சாதி சுண்டக் கையில வெச்சிட்டு வாசல்ல நிக்கிறாவா?" என்று கேட்க எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவரே இறைச்சியை வாப்பா பக்கம் தள்ளி, பிறகு இனிப்புக்கு வட்டிலப்பத்தையும் வைத்தாராம். அன்பில்தான் செய்தார், அவரை நான் குறை சொல்லவில்லை. கூடிச் சாப்பிடுவதில் பரக்கத் இருக்கிறது, அதை நான் மறுப்பேனா, ஆனால் உடம்பும் அல்லாஹ் தந்த அமானிதம்தானே. தனிக் கோப்பையில் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள் என்று கெஞ்சியதற்கு, "தனிக் கோப்ப கேட்டா நோயாளிண்டு ஒதுக்கி வெச்சிடுவானுகள், பொறகு ஒருத்தனும் பக்கத்துல இருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீங்களும் அவருடைய இரத்தம் மகன். நைட் வேலை முடிந்து சோடாவும் பரோட்டாவும் தின்றுவிட்டுப் படுப்பதாக அஸ்ஹர் சொன்னார், கூட்டாளிகள் வாங்குகிறார்கள் என்று நீங்களும் வாங்காதீர்கள். ஒருமுறை இரத்தம் சோதித்துப் பாருங்கள். சொக்லட் பெட்டியும் இனி அனுப்ப வேண்டாம்.

டொக்டரிடம் வாப்பா நோவைப் பற்றிக் கேட்கவில்லை, செலவைப் பற்றியும் கேட்கவில்லை. "கால எடுத்தா கீழ சம்மணம் போட்டு இருக்க ஏலுமா?" என்று மட்டும் கேட்டார். கதிரையில் இருந்தும் தொழலாம் ஹாஜியார், பயப்பட வேண்டாம் என்றார் டொக்டர். வாப்பா தலையை ஆட்டினார். அவர் தொழுகையை நினைத்துக் கேட்கவில்லை என்பது பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

லீவு கிடைத்தால் வாருங்கள், கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நோயில்லாத உடம்பையும் தருவானாக. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மறக்காமல் வாப்பாவுக்குப் போன் எடுங்கள். எதை வேண்டுமானாலும் பேசுங்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

துஆவுடன்,
உங்கள் உம்மா ஆஸியா
மாத்தளை