பூட்டியிருந்த 231 வீடுகள்

4ஆம் தேதி, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

என் மனம் மாறவில்லை. எண்தான் மாறிவிட்டது. அதனால்தான் போன கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இயந்திரங்கள் இரையும். நீ 'ம், ம்' என்பாய். கடைசியில் சாப்டியா என்று கேட்டு வைத்துவிடுவாய். எண்களை நீ கண்ணால் பார்க்க வேண்டும்.

முதலில் என் குற்றத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சொந்தமாகச் சலவைக் கூடம் வைத்தால் ஓடுமா என்று இரண்டு மாதத்துக்கு முன் கேட்டிருந்தாய். உன் ஆபீஸ் கணக்கு என்ன சொல்லுதோ அத மட்டும் சொல்லு, உன் மனசு சொல்றத சொல்லாத என்றும் எழுதியிருந்தாய். நான் எங்கள் மாநிலத் தொழில் சூழல் அறிக்கையில் நம் ஊர்ப் பக்கத்தைத் திறந்தேன். உழைக்கும் வயதில் இருப்பவர்களில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேருக்குத்தான் வேலை. பதினெட்டு ஊர்களில் பதினேழாவது இடம். வேலையே இல்லாதவர்கள் துணியை வெளியில் கொடுப்பார்களா? 'ஓடாது. வராதே' என்று எழுதினேன். அந்த இரண்டு சொற்களை எழுத நான்கு நாள் ஆயிற்று.

நீ ஒரே மூச்சில் பதில் போட்டாய். சரிடி வாலு, மாசக் கடைசில இங்கேயே இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடறேன் என்று.

மாதக் கடைசிக்கு இன்னும் இருபத்தாறு நாள். கவனமாகப் படி.

போன வாரம் எங்கள் இயக்குநர் அம்மா என்னைக் கூப்பிட்டார். மேசையில் நம் ஊர்ப் பக்கம். தொழிலுக்கான மின் இணைப்பு ஏறியிருக்கிறது. புதிதாகப் பதிவான நிறுவனங்கள் ஏறியிருக்கின்றன. திருகாணி ஆலையிலும் ரொட்டி ஆலையிலும் ஆட்கள் தேவை என்று பலகை. வேலை செய்கிறவர்கள் மட்டும் ஆறு மாதமாகச் சரிந்துகொண்டே போகிறார்கள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மெஷின் ஓடுது, கரண்ட் ஓடுது, ஆளைக் காணோம், பேயா வந்து வேலை பாக்குது என்று கேட்டார்.

கிடங்கில் போய் நம் ஊர்ப் படிவங்களை இறக்கினேன். மொத்தம் அறுநூறு வீடுகள். தூசி. தும்மல். நானூற்றுப் பன்னிரண்டாவது படிவத்தில் நம் தெருப் பெயர். அதன் கீழே நம் வீட்டு எண்.

வீட்டில் உள்ளவர்கள்: மூன்று. வேலை செய்பவர்கள்: பூஜ்யம்.

அப்பா திருகாணி ஆலையில் கடைசல் இயந்திரத்தில். அம்மா ரொட்டி ஆலையில் பொட்டலம் கட்டுகிறாள். நான் அந்தப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே அலுவலகத்தின் கிடங்கில், ஸ்டூலின் மேல் நிற்கிறேன். என் ஆறு மாதச் சம்பளச் சீட்டும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. நான் வேலையில்லாதவள்.

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சொல். 'பூட்டு.'

எழுதியவர் எங்கள் கணக்கெடுப்பாளர். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வெளியே வரமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே குடைதான். அவரிடம் ஓடினேன். அமைதியாகச் சொன்னார்: காலைல பதினோரு மணிக்குப் போனேன் தங்கச்சி, வீடு பூட்டியிருந்துச்சு, பூட்டுனு எழுதினேன், வேலை இல்லைனு எழுதலையே.

அவர் எழுதவில்லை. எழுத வைத்தது நான். ஆறு மாதத்துக்கு முன் புது மென்பொருள் வந்தது. காலிக் கட்டத்தை அது ஏற்காது, அடுத்த வரிக்கு நகராது. வீட்டில் எத்தனை பேர் என்பது பழைய பட்டியலிலிருந்து தானாக வந்துவிடும். பூட்டிய வீட்டுக்கு வேலைக் கட்டம் மட்டும் காலி. தட்டச்சுப் பெண்கள் கேட்டார்கள், மேடம், காலியா இருந்தா என்ன போடறது என்று. என் கையில் தேநீர் இருந்தது. பூஜ்யம் போடுங்க என்றேன். மூன்று நொடி கூட ஆகியிருக்காது.

இல்லை என்பது வேறு, தெரியவில்லை என்பது வேறு. புள்ளியியலில் முதல் வாரமே சொல்லித் தருகிறார்கள். இரண்டு பட்டங்கள் வாங்கினேன். ஒரு தேநீரில் மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வீடு எல்லோரும் வேலைக்குப் போயிருந்ததால் வீடுகள் பூட்டியிருந்தன. வீடுகள் பூட்டியிருந்ததால் யாருக்கும் வேலை இல்லை என்று அச்சடித்தோம். அறுநூற்றில் இருநூற்று முப்பத்தொன்று. நேற்று எண்ணி முடித்தேன்.

இப்போது இயக்குநர் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். பயந்துகொண்டே நம் வீட்டுப் படிவத்தைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் அக்கா, ஒரு பக்கம் சிரிப்பும் வருகிறது.

இந்த மாதம் பேனாவைத் தொடாதே.

உன்
வாலு


11ஆம் தேதி

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை போகவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டால் நீ நிம்மதியாக மீதியைப் படிப்பாய்.

நான் சொன்னதை இயக்குநர் அம்மா முழுக்கக் கேட்டார். நம் வீட்டுப் படிவத்தை வாங்கிப் படித்தார். பிறகு, அப்ப ஆறு மாசமா இந்த நாற்காலில உக்காந்து எங்கிட்ட லீவு கேட்டுட்டு இருந்தது யாரு என்றார். சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. வெளியிலிருந்து ஆள் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீர் குடித்ததும் முகம் மாறிவிட்டது. திருத்தம் முதல் பக்கத்தில் வரணும், காரணத்தோட வரணும், நீயும் நானும் கையெழுத்துப் போடணும், அதுக்கு முன்னாடி அந்த இருநூத்து முப்பத்தொரு கதவையும் திரும்பத் தட்டணும், நீயும் போற என்றார். என்றைக்கு என்று கேட்டேன். வீட்ல ஆளு இருக்கற அன்னைக்கு என்றார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எட்டுப் பேர் கிளம்பினோம். எனக்கு முப்பத்தொரு வீடுகள், துணைக்குக் குடை. மேசையிலிருந்தே ஊரை எண்ணிக்கொண்டிருந்தவள் முதன்முதலாக அதன் கதவைத் தட்டினேன்.

ஞாயிறு காலையில் இந்த ஊர் எப்படி இருக்கும் தெரியுமா? நுரை. வாசலுக்கு வாசல் நுரை. ஒரு வாரச் சீருடைகள் எல்லாம் அன்றுதான் ஊறுகின்றன. திருகாணி ஆலையின் நீலம், ரொட்டி ஆலையின் வெள்ளை, பேருந்துப் பணிமனையின் காக்கி. மாடியில், ஜன்னலில், இரண்டு மரங்களுக்கு நடுவில் என்று கொடி கட்டாத இடம் இல்லை. முழங்கை வரை சோப்போடுதான் எல்லோரும் பதில் சொன்னார்கள். என் படிவங்களில் பாதி ஈரம்.

ஒரு வீட்டில் லாரி ஓட்டுநர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காக்கிச் சட்டையைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார். வேலை செய்றவங்க எத்தனை பேர் என்று கேட்டேன். இப்பவா, எப்பவுமா என்றார். எப்பவும் என்றேன். அப்ப ரெண்டு பேர், இப்ப நான் மட்டுந்தான், மகாராணி உள்ள தூங்கறா என்றார். உள்ளிருந்து குரல் வந்தது: போன ஆறு ஞாயிறும் நான்தான் துவைச்சேன், அத எழுதிக்கச் சொல்லு அந்தப் பொண்ண.

எழுதிக்கொள்ளக் கட்டம் இல்லை. ஆனால் என் சொந்த நோட்டு இருந்தது.

அதில்தான் படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். ஊருக்குள் ஒரு சலவைக் கூடம் வந்தால் துணி கொடுப்பீர்களா? குடை என்னை ஒரு மாதிரி பார்த்தார். இது எந்தத் துறைக் கேள்வி தங்கச்சி என்றார். எங்க அக்கா துறை என்றேன். அதற்குப் பிறகு நான் மறந்த வீடுகளிலும் அவரே கேட்டார். குடையால் கொடியைச் சுட்டிக்காட்டி, இதெல்லாம் எத்தனை கிலோ இருக்கும் என்று எடை வேறு போட்டார்.

முப்பத்தொன்றில் இருபத்து நான்கு 'கொடுப்போம்'. நான்கு 'பார்க்கலாம்'. மூன்று 'வேண்டாம்'. அந்த மூன்றில் ஒன்று நம் அம்மா. என் துணிய எவளோ தொடறதா என்றாள். அந்த எவளோ யார் என்று நான் சொல்லவில்லை.

திருகாணி பொட்டலம் கட்டும் ஒரு பெண் நுரைக் கையை என் முன் நீட்டினாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. எனக்கு ஞாயித்துக்கிழமைய எவ திருப்பிக் குடுத்தாலும் அவளுக்குச் சிலையே வெப்பேன் என்றாள். அதை அப்படியே எழுதிக்கொண்டேன். கீழே அவள் முகவரியும் இருக்கிறது.

நம் வீட்டுக் கதையையும் கேள். ஆறு மாதமாக அப்பா வேலையில்லாதவர் என்று அச்சாகியிருப்பதைச் சொன்னேன். முன்னாடியே சொல்லியிருந்தா காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சிருக்க மாட்டேன்ல என்றார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கவர்மெண்டே சொல்லிடுச்சு, இன்னைக்கு நானும் சும்மாதான் என்று உட்கார்ந்துவிட்டாள். நான்தான் சமைத்தேன். உப்பு கூடிவிட்டது. இரண்டு பேரும் அதையும் கணக்குத் தவறு என்றார்கள்.

தூங்கப் போகும்போது ஒன்று தோன்றியது. உன் கடிதங்களிலும் காலிக் கட்டங்கள் உண்டு. உடம்பு எப்படி, அறையில் யார் கூட இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய், இவற்றுக்கெல்லாம் நீ பதில் எழுதியதே இல்லை. கவலை ஒன்றும் இல்லை என்று நானே நிரப்பிக்கொண்டிருந்தேன். நீ ஊரை விட்டுப் போன ஏழு வருடமாக அங்கேயும் பூஜ்யம் போட்டிருக்கிறேன் போல.

இந்த முறை பதிலில் ஏதாவது ஒரு கட்டத்தை நிரப்பு.

உன்
வாலு


22ஆம் தேதி, காலை

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று முன்தினம் உன் கடிதம் வந்தது. ஒரு விசாரிப்பு இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. தண்ணி எப்படி? மூணு பேஸ் கரண்ட் கிடைக்குமா? அந்த இருபத்து நாலு வீட்டுல வாரத்துக்கு மொத்தம் எத்தனை கிலோ? நடுவில் ஒரு வரி: அம்மாகிட்ட எதுவும் சொல்லாத.

அந்த ஒரு வரியை எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். ஞாயித்துக்கிழமை சும்மா கட்டில்ல உக்காந்திருப்பேன் என்று. நீ நிரப்பிய கட்டம் அதுதான். பார்த்துவிட்டேன்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன்.

பழைய ஐஸ் கம்பெனிக் கொட்டகை காலியாக இருக்கிறது. மூன்று பேஸ் இணைப்பு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மின் அலுவலகத்திலேயே போய்க் கேட்டேன். பின்னால் ஆழ்துளைக் கிணறு. தண்ணீர் உப்பில்லை. ஒரு வாளி கொண்டுவந்து சோப்புப் போட்டுப் பார்த்தேன், நன்றாக நுரைக்கிறது. தரை வடிகாலை நோக்கிச் சரிவாக இருக்கிறது. ஐஸ்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் குளிரா இருந்த எடம், இனி ஆவி பறக்கட்டுமே என்றார். மாதக் கடைசி வரை வேறு யாருக்கும் தரமாட்டாராம்.

இருபத்து நான்கு வீடுகளில் வாரத்துக்கு இருநூற்றுப் பத்துக் கிலோ. எடை போட்டது குடை. பத்துக் கிலோ முன்னேபின்னே இருக்கலாம். மற்றவர்கள் போன இருநூறு வீடுகளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்தக் கட்டம் காலி. அதில் நான் எதையும் நிரப்பவில்லை.

திருத்திய அறிக்கை நேற்று வெளிவந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் எங்கள் தவறு, எங்கள் இரண்டு கையெழுத்து. நம் ஊர்: நூற்றுக்கு அறுபத்தெட்டு. பதினெட்டு ஊர்களில் மூன்றாவது. மற்ற ஊர்களிலும் பூட்டுகள் இருந்திருக்கின்றன, அங்கும் ஆட்கள் திரும்பப் போய்த் தட்டினார்கள். எல்லா ஊர்களுமே கொஞ்சம் ஏறியிருக்கின்றன. எண்களைப் படிக்கும்போது இயக்குநர் அம்மா நம் ஊர் வந்ததும் நிறுத்தி, பேயெல்லாம் ஆளாயிடுச்சு என்றார். தட்டச்சுப் பெண்கள் கைதட்டினார்கள். குடை மட்டும், நான் அன்னைக்கே எழுதினேன் என்றார். அவருக்காகப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். 'பூட்டியிருந்தது, மீண்டும் போக வேண்டும்.'

என் மனம் சொல்வதைச் சொல்லாதே என்றாய். சொல்லவில்லை. முப்பத்தெட்டு பொய். அறுபத்தெட்டு உண்மை. இருநூற்றுப் பத்துக் கிலோ. ஒரு கொட்டகை. வெளுத்துப்போன விரல்களோடு ஒருத்தி. வீட்டில் மூன்று பேர், தட்டு நான்கு.

அப்பா உன்னை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் நேற்று அவள் உன் பெட்டியிலிருந்த போர்வையை எடுத்து வெயிலில் போட்டாள். ஏன் என்று கேட்டேன். பூச்சி வரும் என்றாள்.

கையெழுத்துக் காகிதத்தை நீட்டுவார்கள். அப்போது நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு, இந்தப் பக்கங்களை ஒருமுறை எடுத்துப் பார் அக்கா. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அன்புடன்,
உன்
வாலு

பின்குறிப்பு: இதைத் தபால் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். புதுப் படிவம் ஒன்றைக் குடை எனக்கு மாதிரிக்காகக் கொடுத்திருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அதில் நம் வீட்டை எழுதினேன். மூன்று வரிகள் பேனாவில். நான்காவது வரியில் பென்சிலால் உன் பெயர், உன் வயது. வேலை என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். பூஜ்யம் போடவில்லை. பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.