மூடி மேல் வைத்த வாசர்

மச்சான்,

இன்றைக்குக் காலையில் காருக்கு ஆயில் மாற்றினேன். முன்சக்கரம் இரண்டையும் சாய்வுக் கட்டையில் ஏற்றி, பின்சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்து, பழைய பாயை விரித்து அடியில் படுத்தேன். ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட்டைக் கழற்றியதும் கருப்பு ஆயில் வெதுவெதுவென்று முழங்கை வரைக்கும் வழிந்தது. அந்தத் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. செத்து ஏழு மாதமாச்சு, இன்னும் வண்டிக்கு அடியில் எனக்கு இடம் விடமாட்டேன் என்கிறாய்.

"ஏனுங்க, மெக்கானிக்குகிட்ட உட்டா ஆகாதுங்களா?" என்று உன் தங்கச்சி வாசலில் நின்று கேட்டாள். "எங்கண்ணன் வாசரைத் தொலைச்ச மாதிரி நீங்களும் தொலைச்சுப்போட்டு நிக்காதீங்க."

வழக்கம்போல நானும் சிரித்தேன். பழகிப்போச்சு.

எனக்குப் பள்ளிக்கூடம் அஞ்சோடு சரி, உனக்கும் அவ்வளவுதான். பதினஞ்சு வருசம் ஒரே ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்க் கிணறு போட்டோம். என்னைவிட ரெண்டு மாசம்தான் நீ சின்னவன். ஆனால் உன் தங்கச்சியை நான் கட்டின நாளிலிருந்து ஒருநாள்கூட ‘ங்க’ போடாமல் என்னிடம் பேசினதில்லை. நானோ உன்னை வாடா போடா என்றுதான் கடைசி வரை கூப்பிட்டேன்.

ரிக்கை விட்டு ஊரோடு வந்து நின்றபிறகு நீ பழைய கார் ஒன்று வாங்கினாய். அதற்கு ஆயில் மாற்றுவது என்றால் உனக்குப் பூசை. கழற்றின ஒவ்வொன்றையும் துடைத்து, புது ஆயில் கேனின் மூடியைத் தட்டு மாதிரி மல்லாக்க வைத்து, அதன்மேல் போல்ட்டுக்கு அடியில் போடுகிற புதுச் செம்பு வாசரை வைப்பாய். எத்தனை தடவை மாற்றினாலும் அதே இடம்தான். ஸ்பேனரைக்கூடத் தேட வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவாய்.

"போல்ட்டு பழசா இருக்கலாமுங்க மாப்ள, வாசர் புதுசா இருக்கோணும். ஒருக்கா நசுங்குன செம்பு மறுக்கா நசுங்காது, கசிஞ்சு போடும்" என்பாய். "கையிலயே சுத்தி, முட்டுனதுக்கு அப்பறம் ஸ்பேனர்ல ஒரு கால் சுத்து. போதுமுங்க. இது ரிக் இல்ல, ஆயில் நிக்கிற அலுமினியச் சேம்பரு. மரை போயிரும்."

இவ்வளவு சுத்தமான ஆளைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும் என்று உனக்கே தெரியும்.

உன் மகளுக்கு நிச்சயம் வைத்திருந்தோமே, அதற்கு முந்தின நாள். வெண்ணந்தூரில் உன் வீட்டு வாசல். சேந்தமங்கலத்தில் மாப்பிள்ளை ஊர்க் கோயிலுக்கு மறுநாள் காலையில் புதுக் கார் மாதிரிப் போய் இறங்க வேண்டும் என்று நீ வண்டிக்கு அடியில் கிடந்தாய். மூடி மேல் இருந்த வாசரை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சும்மா, தேடட்டும் என்றுதான்.

நீ கையை நீட்டினாய். மூடி வெறுமனே இருந்தது. தடவிப் பார்த்தாய். வெளியே வந்தாய். பாயை உதறினாய். மண்ணைச் சலித்தாய். ஆயில் பிடித்த தொட்டிக்குள் கையைவிட்டுத் துழாவினாய்.

"மாப்ள, மூடி மேலதானுங்க வெச்சேன்?"

"உன்ற மண்டையில தேடு. அங்கதான் ஏற்கெனவே மரை கழண்டு கெடக்குது."

உன் மனைவி சிரித்தாள், மகள் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நின்றதும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நிற்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ராசிபுரத்தில் கடை கிடையாது. நீ பழைய வாசரையே போட்டு முடுக்கினாய். சொட்டியது. இன்னும் முடுக்கினாய். சொட்டியது. அவசரத்தில் உனக்கு ரிக் புத்தி வந்துவிட்டது. ஸ்பேனர் நுனியில் பைப்பைச் செருகி இழுத்தால் ரிக்கில் எல்லாம் நிற்கும்.

அந்தப் பைப்பை எடுத்துக் கொடுத்தது நான்தான் மச்சான். அலுமினியத்தில் அப்படி இழுத்தால் என்ன ஆகும் என்று உன் வாயாலேயே நூறு தடவை கேட்டவன்.

சொட்டுவது நின்றது. மறுநாள் காலையில் நீ, உன் மனைவி, பட்டுச்சேலையில் மகள், நான், எல்லாரும் கிளம்பினோம். ராசிபுரம் தாண்டியதும் மீட்டரில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. நீ ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் போல்ட்டையே காணோம். மரையோடு பிடுங்கிக்கொண்டு எங்கேயோ விழுந்திருந்தது. வந்த வழியெல்லாம் ஆயில் கோடு.

தேங்காய்த் தட்டு, பழத்தட்டு, கல்யாணப்பெண் எல்லாம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். நல்ல நேரம் முடிந்துதான் இறங்கினோம். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, "ஏனுங்க இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. எங்க மச்சான் ஒரு வாசரைத் தொலைச்சுப்போட்டாருங்க. பொண்ணையாவது தொலைக்காமக் கொண்டாந்தாரே, அதுக்குச் சந்தோசப்படுங்க!"

கோயிலே சிரித்தது. முறைப்பு போய்விட்டது, நிச்சயம் நல்லபடி முடிந்தது. நீயும் சிரித்தாய். கையில் கருப்பு ஆயில் காயாமல் இருந்ததால் அதை வேட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு சிரித்தாய். வாசர் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது. இப்போதாவது சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னால் அத்தனை பேர் சிரிப்பும் என் பக்கம் திரும்பும். அது எனக்கு ஆகாது.

அன்றிலிருந்து உனக்குப் பெயரே வாசர். டீக்கடையில் வாசர், கோயில் வரி நோட்டில் வாசர், சம்பந்தி வீட்டில் வாசர் மாமா. வண்டியைச் சரிசெய்த பிறகும் நீ ஸ்பேனரைத் தொடவில்லை. மெக்கானிக் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாய். பாதி வழியில் திரும்பி வந்து கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்ப்பாய். "வந்துட்டாருடா வாசரு" என்று அதையும் நான்தான் ஊருக்கு நடித்துக் காட்டினேன். நல்லாவே நடிப்பேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது, ஆள் பாதியாக இருந்தாய். கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்.

"மாப்ள, அன்னைக்கு நான் மூடி மேலதானுங்களே வெச்சேன்?"

பொண்ணுக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறந்து அவன் நடக்கவும் ஆரம்பித்தாச்சு. நீ இன்னும் அந்த வாசலில்தான் மண்ணைச் சலித்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

"எங்க வெச்சியோ! போறப்பவாவது ஒழுங்காப் போய்ச் சேரு, வழியில எதையும் உட்டுப்போடாத" என்றேன். நீ சிரித்தாய், இருமினாய். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். ரெண்டு நாளில் போய்விட்டாய்.

பஸ் ஸ்டாப்பில் உனக்குப் பிளக்ஸ் வைத்தார்கள். உன் சொந்தப் பெயர் சின்ன எழுத்தில். அதற்கு மேலே, ரோட்டிலிருந்தே படிக்கிற மாதிரி, ‘வாசர்’. பையன்கள் பாசமாகத்தான் போட்டார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மாலையைப் போட்டேன்.

அந்த வாசர் என் சாவிக்கொத்தில் இருக்கிறது. உன் தங்கச்சி கேட்டால் ராசிக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். நசுங்காத புதுச் செம்பு, என் விரல் பட்டுப் பட்டுப் பளபளவென்று ஆகிவிட்டது. இன்றைக்குப் போல்ட்டை மாட்டும்போது அதையே போட்டுவிடலாமா என்று ஒரு நிமிசம் பார்த்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் போடவில்லை. கடையில் வாங்கின வேறொன்றைப் போட்டு, கையால் சுற்றி, முட்டினதும் ஒரு கால் சுற்று. சொட்டவில்லை.

உனக்கு இனிமேல் காது கேட்காது என்கிற தைரியத்தில் சொல்கிறேன்.

மூடி மேலதான்டா வெச்சே.